ஒரு ரஷ்ய கிராமம்: யார் போகலாம், யார் இருந்தே ஆக வேண்டும்?

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் ரியாசான் என்ற நகரம் இருக்கிறது. அதற்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போதே, ஓகா ஆற்றின் மேட்டுக்கரையில், கான்ஸ்தாந்தினோவோ என்று ஒரு ஊர். இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் சில நூறு பேர்தான்.

ரஷ்ய கிராமம் என்றால் என்ன, அது எப்படி வளர்ந்து எப்படிக் காலியானது என்று முதல்முறையாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இந்த ஊர் நல்ல தொடக்கம். கவிஞர் செர்கேய் யெசேனின் 1895இல் பிறந்த ஊர் என்பதால் இதன் பழைய விவரங்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கவிஞரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், மத்திய ரஷ்யாவின் ஆயிரக்கணக்கான ஊர்களில் இதுவும் ஒன்று. சோவியத் காலத்தில் மலிவு விலையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ரஷ்ய கிராமம் என்றதும் பனியும் கூட்டுப்பண்ணை டிராக்டரும் நினைவுக்கு வரும். அவை கதையின் ஒரு துண்டு மட்டும்தான். முழுக் கதையையும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்: இந்த ஊர்க்காரன் ஊரை விட்டுப் போக விரும்பினால் போக முடிந்ததா, யார் அனுமதிக்க வேண்டியிருந்தது?

ஆனால் முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம், அது தெரியாமல் மற்றது பிடிபடாது.

ரஷ்யச் சமவெளியில் ஓடும் பல ஆறுகளுக்கு வலது கரை மேடு, இடது கரை தாழ்வு. பூமியின் சுழற்சி நீரை வலப்பக்கம் தள்ளுவதால்தான் அந்தக் கரை அரிக்கப்பட்டுச் செங்குத்தாகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் கார்ல் பேர் என்ற அறிவியலாளர் விளக்கம் சொன்னார். அந்த விசைக்கு அவ்வளவு பலம் உண்டா என்று பின்னாட்களில் நிறையவே விவாதித்தார்கள், அதை விட்டுவிடலாம். கான்ஸ்தாந்தினோவோ வலது கரை மேட்டில் இருக்கிறது. கீழே ஓகா. எதிர்க்கரையில் கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான புல்வெளி, அதற்கும் அப்பால் மெஷ்சேரா என்ற பெரிய பைன் காடும் சதுப்பு நிலமும். ஏப்ரலில் பனி உருகும்போது ஆறு கரை தாண்டி அந்தப் புல்வெளி முழுவதும் பரவிக் கிட்டத்தட்ட ஏரி போல ஆகிவிடும். ஊர் ஏன் மேட்டில் இருக்கிறது, வீடுகள் ஏன் கரை ஓரமாகவே ஒரே வரிசையில் நீண்டுகொண்டே போகின்றன என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

வெள்ளம் வடியும்போது வண்டலை விட்டுப் போகும். ஜூன் கடைசிக்குள் அங்கே புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். அந்தப் புல்தான் இந்த ஊரின் சொத்து என்றால் புதிதாகப் படிப்பவர்கள் நம்ப மாட்டார்கள், அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வயல் மண் சுமார் ரகம். புகழ்பெற்ற கரிசல் மண் இன்னும் தெற்கே போனால்தான் வரும். சுமாரான மண்ணில் கோதுமைக்கு உறவான ரை தானியமும் ஓட்ஸும் விளைய வேண்டுமானால் எரு வேண்டும், எருவுக்கு மாடு வேண்டும், மாட்டையோ வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் தொழுவத்தில் கட்டிப்போட்டுத் தீனி போட வேண்டும், வெளியே மேய ஒன்றும் கிடையாது. ஆக, கோடையில் எவ்வளவு புல்லை அறுத்துக் காயவைத்துச் சேர்த்தாயோ அவ்வளவு மாடு, அவ்வளவு எரு, அவ்வளவு ரொட்டி. எதிர்க்கரைப் புல்வெளி சுருங்கினால் மேட்டு வயலும் சேர்ந்து சுருங்கும்.

இந்தப் புல்வெளி தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. மீர் என்ற ஊர்ச்சபைதான் அதைப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு வருடமும் புல் அறுப்புக்கு முன் புல்வெளியைத் துண்டுகளாக அளந்து, சீட்டுப் போட்டு எடுப்பது மத்திய ரஷ்யா முழுக்க இருந்த வழக்கம். நல்ல புல் உள்ள இடத்தில் ஒரு துண்டு, சுமாரான இடத்தில் ஒரு துண்டு, மோசமான இடத்தில் ஒரு துண்டு என்று எல்லாருக்கும் எல்லாத்திலும் பங்கு. வயலுக்கும் இதே முறைதான். ஆனால் வயலை வருடா வருடம் மாற்றாமல், சில வருடங்களுக்கு ஒருமுறை ஆள் எண்ணிக்கையைப் பார்த்து மறுபடி பங்கு போடுவார்கள். நிலம் மூன்று பெரும் பகுதியாக இருக்கும்: ஒன்றில் ரை, ஒன்றில் ஓட்ஸ், ஒன்று தரிசு. மூன்றிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீள நீளமான பட்டைகள். சில பட்டைகள் எவ்வளவு குறுகல் என்றால், மரப்பட்டையில் பின்னிய செருப்பை ஒன்றன் பின் ஒன்றாக வைத்து அகலத்தை அளப்பார்கள். நியாயமான முறைதான், ஆனால் அடுத்த பங்கீட்டில் வேறொருவன் கைக்குப் போகப்போகிற பட்டைக்கு எவன் பாடுபட்டு எரு போடுவான்?

வீட்டையும் ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். இஸ்பா எனப்படும் மரக்கட்டை வீடு. தெருவைப் பார்த்து பெரும்பாலும் மூன்று ஜன்னல், ஜன்னலைச் சுற்றிச் செதுக்கு வேலை செய்த சட்டம். பின்னாலேயே தொழுவம், பல ஊர்களில் அதே கூரைக்குக் கீழே, ஏனென்றால் உறைபனியில் மாட்டைப் பார்க்க வாசல் தாண்டிப் போக யாருக்கும் ஆசை இல்லை. அதற்கும் பின்னால் காய்கறித் தோட்டம், நீராவிக் குளியலறை.

வீட்டின் எஜமான் அடுப்புதான். களிமண்ணாலோ செங்கல்லாலோ கட்டிய இது ஒரே அறையில் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் பிர்ச் விறகை உள்ளே அடுக்கி எரியவிட்டு, தீ அடங்கித் தணலானதும் அதை ஓரமாக ஒதுக்கி, முட்டைக்கோஸ் சூப்போ கஞ்சியோ உள்ள வார்ப்பிரும்புப் பானையைக் கவை போட்ட நீளக் கம்பால் உள்ளே தள்ளுவார்கள். அப்புறம் புகைப்போக்கித் தகட்டை மூடிவிட்டால் போதும், சூடு மறுநாள் காலை வரை நிற்கும். சமையல் நெருப்பில் நடப்பதில்லை, நெருப்பு போன பிறகு மிஞ்சும் சூட்டில் நடக்கிறது. அடுப்பின் மேல்தளம் படுக்கை, அங்கே முதல் உரிமை வீட்டுக் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் தேவை: தணல் முழுதாக அடங்கும் முன் அவசரப்பட்டுத் தகட்டை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறையில் நிறைந்து, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். அப்படிக் குடும்பத்தோடு போனவர்கள் ஏராளம். அடுப்புக்குக் குறுக்கே எதிர்மூலையில் சாமி படங்கள் வைக்கும் இடம், விருந்தாளி வந்தால் அதன் கீழேதான் உட்கார வைப்பார்கள்.

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இந்த வீட்டில் இருப்பவன் போக நினைத்தால் போகலாமா?

15ஆம் நூற்றாண்டில் போகலாம், ஆனால் வருடத்துக்கு ஒரு முறை. 1497இல் வந்த சட்டத் தொகுப்பின்படி, நவம்பர் 26இல் வரும் புனித யூரி திருநாளுக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் விவசாயி நிலக்காரருக்குச் சேர வேண்டியதைக் கட்டிவிட்டு வேறு நிலத்துக்குப் போகலாம். அறுவடை முடிந்து, கணக்கு தீர்ந்து, சாலை உறைந்து வண்டி ஓடத் தயாராக இருக்கும் நேரம் அது. அடுத்த நூற்றாண்டின் கடைசியில் ஆட்சியாளர்கள் இந்த உரிமையை 'இந்த வருடம் மட்டும் இல்லை' என்று சொல்லிச் சொல்லியே நிறுத்திவிட்டார்கள். எதிர்பார்த்தது கைநழுவிப் போகும்போது 'இந்தா பாட்டி, உன் யூரி நாள்' என்று ரஷ்யர்கள் இன்றும் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். 1649இல் கதவு முழுசாகச் சாத்தப்பட்டது. தப்பி ஓடிய விவசாயியை எத்தனை வருடம் கழித்தும் பிடித்துக் கொண்டுவரலாம் என்று ஜார் அலெக்சேயின் சட்டம் சொல்லிவிட்டது.

கான்ஸ்தாந்தினோவோ ஆவணங்களில் முதலில் தலைகாட்டுவது 1619இல், ஜார் குடும்பத்தின் சொத்தாக. அதன் பிறகு ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. நரீஷ்கின், கலீத்சின் என்று பெரிய பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் வரிசையில் வரும். ஊர் கைமாறியது என்றால் நிலம் மட்டும் அல்ல, மேலே இருந்த மனிதர்களும் சேர்த்துத்தான். ஆற்றுமேட்டில் இன்று நிற்கும் கசான் மாதா தேவாலயம் 1779இல் கலீத்சின் பிரபுவின் செலவில் கட்டப்பட்டது. தேவாலயம் இருப்பதால்தான் இதைச் சேலோ என்கிறார்கள், தேவாலயம் இல்லாத சின்ன ஊர் தெரேவ்னியா. ஞாயிறும் திருவிழாவும் கல்யாணமும் அடக்கமும் சேலோவில்தான் என்பதால் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு இது மையம்.

இங்கே நிலவியல் மறுபடி உள்ளே வருகிறது. பண்ணையடிமைகள் பிரபுவுக்குக் கொடுத்தது இரண்டு விதம். கரிசல் மண் உள்ள தெற்கில் பிரபுவின் வயலில் வாரம் சுமார் மூன்று நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மண் சுமாராக இருந்த வடக்கில், வயலில் நிறுத்தி வைத்து என்ன லாபம் என்று பிரபுக்களே கணக்குப் போட்டு, 'எங்கேயாவது போய்ச் சம்பாதி, வருடத்துக்கு இவ்வளவு பணம் கட்டு' என்று விட்டுவிடுவார்கள். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே தோராயமாகக் கோடு போட்டால் அது ஓகா ஆற்றை ஒட்டித்தான் போகும். மாஸ்கோ இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஓகா கரைக்காரன் எங்கே போவான் என்று கேட்கவே வேண்டாம்.

1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆள் விடுதலை, நிலத்துக்கு மட்டும் விலை. அரசு பிரபுவுக்குப் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, விவசாயிகளிடம் வருடா வருடம் 49 வருடம் வசூலிக்கும் என்று ஏற்பாடு. பிரித்துக் கொடுக்கும்போது பல இடங்களில் நல்ல புல்வெளியையும் மாடு தண்ணீர் குடிக்கும் இடத்தையும் பிரபுக்கள் தங்கள் பக்கம் ஒதுக்கிக்கொண்டார்கள். மேலே சொன்ன புல் கணக்கை நினைத்துப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய பிடி என்று புரியும். தவணைக்கு ஊரே கூட்டாகப் பொறுப்பு. ஒருவன் போய்விட்டால் அவன் பங்கு மற்றவர்கள் தலையில் விழும், அதனால் ஊர்ச்சபை லேசில் யாரையும் முழுசாக விடாது. கடவுச்சீட்டு வாங்கித் தற்காலிகமாகப் போகலாம், போய்ப் பணம் அனுப்ப வேண்டும். பிரபுவின் இடத்தில் இப்போது ஊர்ச்சபை, அவ்வளவுதான். கூட்டுப் பொறுப்பு பெரும்பாலும் 1903இல் போனது, தவணை 1907இல் ரத்தானது.

1864இல் மாஸ்கோவிலிருந்து ரியாசானுக்கு ரயில் வந்ததும் போகிறவர்கள் கூட்டம் பெருகியது. யெசேனினின் அப்பா அப்படிச் சிறுவயதிலேயே மாஸ்கோவில் இறைச்சிக் கடை வேலைக்கு அனுப்பப்பட்டவர். வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேயே வேலை, மனைவி மக்கள் ஊரில். 1912இல் மகனும் மாஸ்கோ போனபோது முதலில் வேலைக்குச் சேர்ந்தது அப்பாவின் கடையில்தான். இதில் கவிதையாக எதுவும் இல்லை, அந்தக் காலத்து ஓகா கரைக் குடும்பங்களின் சாதாரண ஏற்பாடு.

அதே சமயம் எதிர்த்திசையிலும் ஒரு பயணம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்தாந்தினோவோ பண்ணையை வாங்கியவர் குலகோவ் என்ற மாஸ்கோ பணக்காரர். அவருக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று, மாஸ்கோவின் கித்ரோவ்கா சந்தைப் பகுதியில் அவர் நடத்திய மலிவான இரவுத் தங்கும் விடுதிகள். கிராமத்திலிருந்து வேலை தேடி வந்து, கிடைக்காமல், ஒரு பலகைக்குக் காசு கொடுத்துப் படுத்தவர்கள் கொடுத்த காசு. அதில்தான் ஆற்றுமேட்டுப் பெரிய வீடும் வாங்கப்பட்டது. இந்த ஒரு தகவல் எனக்கு அந்தக் காலப் பொருளாதாரத்தைப் பற்றிய பல பக்கங்களை விட அதிகம் சொல்கிறது. அவர் மகள் லீதியா கஷினாதான் ஊரின் கடைசி நிலக்கிழார். 1917 புரட்சிக்குப் பிறகு வீடு பறிமுதலானது. பல ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகளை எரித்துவிட்டார்கள், இங்கே அது தப்பி, பிறகு மருத்துவமனையாகப் பயன்பட்டது, இப்போது அருங்காட்சியகம்.

1917இல் நிலம் விவசாயிகளுக்கு என்று ஆணை வந்தது, பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடவும் செய்தது. 1929 – 30இல் கூட்டுப்பண்ணை. நிலம், குதிரை, கலப்பை எல்லாம் பொதுவில். வீட்டுக்கென்று ஒரு தோட்டத் துண்டும் ஒரு மாடும் மிஞ்சும். வேலைக்குக் கூலி பணமாக இல்லை, வேலைநாள் கணக்கு எழுதி வைத்து, அரசுக்குக் கொடுக்க வேண்டியது போக மீதியை வருடக் கடைசியில் பங்கு. பல வருடங்களில் மீதி என்பதே இருக்காது. 1966இல்தான் மாதச் சம்பளம் என்ற உத்தரவாதம் வந்தது.

அடுத்தது நம் கேள்விக்கு நேரான பதில். 1932 டிசம்பரில் சோவியத் அரசு உள்நாட்டுக் கடவுச்சீட்டைக் கொண்டுவந்தது. நகரத்தில் குடியிருக்கவும் வேலை பார்க்கவும் அது கட்டாயம். கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு அது கொடுக்கப்படவில்லை. சட்டத்தில் யாரையும் கட்டி வைக்கவில்லை, ஆனால் சீட்டு இல்லாமல் போய் எங்கே நிற்பது? பண்ணைத் தலைவர் எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் இருந்தால் கொஞ்ச நாள் போய் வரலாம். வழியில்லாமல் இல்லை: தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க வரும்போது பெயர் கொடுப்பது, மேற்படிப்பு, முக்கியமாக ராணுவம். சேவை முடிந்து வரும் இளைஞன் ஊருக்குத் திரும்பாமல் அப்படியே நகரத்தில் ஒட்டிக்கொள்வான். இரண்டாம் உலகப் போரில் ஆண்களை இழந்திருந்த ஊர்களில் இதனால் பெண்களும் முதியவர்களுமே மிஞ்சினார்கள். எல்லாருக்கும் கடவுச்சீட்டு என்ற முடிவு 1974இல் வந்தது, 1976 முதல் 1981 வரை கொடுத்து முடித்தார்கள்.

ரியாசான் பகுதிக்கு இதற்கிடையே இன்னொரு அடி. 1959இல் அந்த மாகாணக் கட்சிச் செயலாளர் லரியோனோவ், அரசுக்குக் கொடுக்கும் இறைச்சியை ஒரே வருடத்தில் மூன்று மடங்காக்குவேன் என்று அறிவித்தார். எப்படி? பால் மாடுகளையும் கன்றுகளையும் வெட்டினார்கள், விவசாயிகள் வீட்டில் வைத்திருந்த மாடுகளை எடுத்துக்கொண்டார்கள், பற்றாக்குறைக்குப் பக்கத்து மாகாணங்களில் வாங்கினார்கள். இலக்கு 'முடிந்தது', லரியோனோவுக்கு நாட்டின் உயரிய பட்டம் கிடைத்தது. அடுத்த வருடம் வெட்ட மாடு இல்லை, 1960இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். மாடு போனால் எருவும் போகும், எரு போனால் வயலும் போகும் என்பதை மேலேயே பார்த்தோம். மந்தையைத் திரும்ப வளர்க்க வருடங்கள் ஆனது.

அப்புறம் 1960, 70களில் திட்டமிடுகிறவர்கள் வந்தார்கள். சின்ன ஊர்களை 'எதிர்காலம் உள்ளது', 'எதிர்காலம் இல்லாதது' என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாவது பட்டியலில் விழுந்த ஊருக்குப் புதிய சாலையோ பள்ளிக்கூடமோ கட்டிடமோ வராது, கடை மூடும், மக்களைப் பெரிய ஊருக்கு மாற்றுவார்கள். இது முக்கியமாகக் கரிசல் அல்லாத மண்டலத்தில், அதாவது ரியாசானும் அடங்கிய மத்திய, வடக்கு ரஷ்யாவில் நடந்தது. ஒரு கையால் பட்டியலும் மறு கையால் கடவுச்சீட்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? பல தலைமுறையாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மொத்தமாகப் போனார்கள். 1897 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் நகரத்தில் இருந்தவர்கள் 15 சதவீதம் அளவில்தான், இன்று ஏறத்தாழ 75. கிராமங்களை முதலாளித்துவம் வந்துதான் அழித்தது என்று ஒரு பேச்சு உண்டு. சோவியத் ஒன்றியம் உடைவதற்கு முன்பே இந்த வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது, 1990களில் பண்ணைகள் சரிந்தது மிச்சத்தையும் முடித்துவைத்தது.

கான்ஸ்தாந்தினோவோ இந்தப் பட்டியல் விளையாட்டில் தப்பியதற்குக் காரணம் மண்ணோ புல்வெளியோ அல்ல. 1965இல் யெசேனின் வீட்டை அருங்காட்சியகமாக்கினார்கள், 1984இல் அது அரசு காப்பகமாக விரிந்தது. பழைய வீடு 1922 தீயில் போய்விட்டது, இப்போது காட்டப்படுவது அதே இடத்தில் பிறகு எழுப்பியது. சோவியத் காலத்தில் மூடிக் கிடந்த தேவாலயத்தில் மறுபடி வழிபாடு நடக்கிறது. சாலை இருக்கிறது, பேருந்து வருகிறது, வழிகாட்டிக்கும் சமையல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் வேலை இருக்கிறது. ஊரை விட்டுப் போன ஒருவரால்தான் ஊரில் இருக்கிறவர்களுக்கு இன்று சம்பளம். கவிஞர் பிறக்காத பக்கத்து ஊர்களின் நிலை வேறு: உள்ளூர்ப் பண்ணை நன்றாக நடந்தால் பிழைக்கும், இல்லையென்றால் மாஸ்கோக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கும் வீடுகளாக மாறும்.

கடைசியாக, ரஷ்ய கிராமங்களைப் பற்றிய எண்ணிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2010 கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 1,53,000 கிராமப்புறக் குடியிருப்புகள், அவற்றில் 19,000க்கும் மேற்பட்டவற்றில் ஒருவர்கூட இல்லை. செய்திகளில் அடிக்கடி வரும் 'செத்த கிராமம்' இதுதான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு நடந்தது அக்டோபர் நடுவில். அதற்குள் கோடைக்காரர்கள் உருளைக்கிழங்கைத் தோண்டிக் காரில் ஏற்றிக்கொண்டு, ஜன்னல் பலகையைச் சாத்திவிட்டு நகரத்துக்குத் திரும்பியிருப்பார்கள். பூஜ்யம் என்று பதிவான சில ஊர்களில் ஜூலையில் போனால் பத்து வீட்டில் புகை வரும். நிரந்தரமாகப் பதிவு பெற்றவர் யாரும் இல்லாததால், அந்தப் பத்து வீட்டுக்காக மட்டும் சாலையைச் சரிசெய்ய மாவட்ட நிர்வாகம் பெரும்பாலும் பணம் ஒதுக்காது.